ஜூனில் நட்ட கன்றும் ஒக்டோபர் மழையும்

பீலிக்கரை | ஓகஸ்ட் 9

வணக்கம். ஹப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரும் வந்தவர்களின் பெயரும் வேண்டாம். யாரையும் சந்திக்கு இழுப்பது என் நோக்கமில்லை.

ஜூன் 5, சுற்றாடல் தினம். கொழும்பிலிருந்து இரண்டு பஸ் நிறைய இளைஞர்கள் வந்தார்கள், எல்லோருக்கும் ஒரே பச்சை டீ சேர்ட். குழிகளை முதல் நாளே நாங்கள் வெட்டி வைத்திருந்தோம். நண்பகலுக்குள் கன்றுகளை நட்டார்கள், பதாகையைப் பிடித்துப் படம் எடுத்தார்கள், சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டார்கள், கிளம்பிவிட்டார்கள். மாலையில் நானும் தங்கச்சியும் போய்ப் பார்த்தால், சில கன்றுகளைக் கறுப்புப் பொலித்தீன் பையோடு அப்படியே குழிக்குள் இறக்கியிருந்தார்கள். நான்கைப் பிடுங்கிப் பையைக் கிழித்து மறுபடி நட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடம்) மேலே நட்டவை 40, உயிரோடு நிற்பவை 5. அந்த ஐந்தில் நான்கு நாங்கள் திருப்பி நட்டவை என்று சொல்லிப் பெருமைப்பட ஆசைதான். ஆனால் எங்களுடையவை இரண்டே இரண்டு.

அன்றைக்கு அம்மா கேட்டார், "வந்த பிள்ளைகளுக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" (பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.) சம்பளம் இல்லை அம்மா, தொண்டு என்றேன். "அப்போது குழி வெட்டிய உங்களுக்கு?" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

நாங்கள் 14 பேர். சாதாரண தரம் எழுதியவர்கள், உயர்தரம் படிப்பவர்கள், ஐந்து பேர் பெண் பிள்ளைகள். உண்மையிலேயே பயன்படுகிற எதையாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறோம். என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைப் பஸ் | ஓகஸ்ட் 9

தம்பி, அந்தப் பஸ்ஸில் நான் வரவில்லை. ஆனால் அதைப் போன்ற பஸ்களில் நான்கு தடவை ஏறியிருக்கிறேன். ஊர் ஹட்டன் பக்கம், வேலை கொழும்பில். ஆகவே கொஞ்சம் சுடத்தான் செய்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப் பேர் லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, உள்ளே போய்ப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பத்துக்குப் பத்தடிக் காம்பராவில் (ஒரு குடும்பத்தின் அறை) ஆறு பேர் படுக்கிறார்கள் என்பது தேயிலைப் பெட்டியின் மேல் அச்சடித்த படத்தில் தெரியாது. எங்களோடு வந்த ஒரு பெண் திரும்பிப் போய், சம்பளத்தில் மாதம் ஒரு தொகை எடுத்துவைத்து இரண்டு பிள்ளைகளின் பாடசாலைச் செலவை இன்றுவரை பார்க்கிறார். படம் எடுத்தவர்தான் அவரும்.

பொலித்தீன் பையோடு நட்டதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வெட்கக்கேடு.

ஊவா சேர் | ஓகஸ்ட் 10

புவியியல் கற்பிக்கிறேன், ஆகவே விரிவுரையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பை ஒரு காரணம். நாள் அதைவிடப் பெரிய காரணம். ஜூன் 5 உலகத்துக்கெல்லாம் ஒரே திகதி, மலைக்கு அப்படியில்லை. தென்மேல் பருவக்காற்று மே, ஜூனில் ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மோதி அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலைத்தொடரைத் தாண்டி உங்கள் ஊவா மாகாணத்துக்கு வரும்போது அது வெறும் வறண்ட காற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பதுளை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைக்குத் தனி மணம் வருவது இந்தக் காற்றினால்தான். கொழுந்துக்கு அது வரம், புதிதாக நட்ட கன்றுக்கு அது எமன். ஊவாவில் கன்று நடுவதென்றால் ஒக்டோபரில் மழை பிடித்த பிறகு நடுங்கள். ஹட்டன்காரர் ஜூனில் நடட்டும், குற்றமில்லை.

பீலிக்கரை, இன்னொன்று. உங்களுக்கு மழை வருகிற அதே ஒக்டோபர்தான் உங்களுக்கு ஆபத்தான மாதமும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், லயத்தில் இருந்தவர்கள் மண்ணுக்குள் போனார்கள். அது உங்கள் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே 14 பேருக்கு என் முதல் யோசனை: மரத்துக்கு முன் மழையை அளக்கத் தொடங்குங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் எளிமையானவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழித்திரு. 100 தாண்டினால் மூட்டையைக் கட்டு. 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேறு. வானொலியில் மாவட்டத்தின், பிரதேச செயலகப் பிரிவின் பெயரைத்தான் சொல்வார்கள். உங்கள் தோட்டத்து டிவிசனில் எவ்வளவு பெய்தது என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். ஒரே மலையின் இரண்டு பக்கங்களில் இரண்டு கணக்கு வரும்.

பீலிக்கரை | ஓகஸ்ட் 10

சேர், மழைமானிக்குக் காசு இல்லை. போத்தலில் செய்யலாம் என்கிறார்கள். அது சரியாகக் காட்டுமா?

ஊவா சேர் | ஓகஸ்ட் 11

காட்டும், ஒழுங்காகச் செய்தால். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் எடுங்கள். உடம்பில் வளையம் வளையமாக மடிப்பு உள்ளது வேண்டாம், நேராக இறங்குவதாக இருக்க வேண்டும். கழுத்துச் சரிவு முடிந்து உடம்பு நேராகும் இடத்தில் சுற்றிவர வெட்டுங்கள். வெட்டிய தலையைக் கவிழ்த்து உள்ளே வைத்தால் அதுவே புனல், தண்ணீர் ஆவியாவதையும் குறைக்கும். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, அவை மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்தத் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு. அதுதான் பூச்சியம். அங்கிருந்து மேலே அடிமட்டத்தை ஒட்டுங்கள். வாயும் உடம்பும் ஒரே அகலமாக இருப்பதால் ஒரு மில்லிமீற்றர் உயர்ந்தால் ஒரு மில்லிமீற்றர் மழை. வேறு கணக்கு வேண்டாம்.

கூரையின் தண்ணீர் விழாத இடத்தில், மரத்துக்கும் சுவருக்கும் தள்ளி, காற்றில் சாயாமல் கட்டி வையுங்கள். தினமும் காலை 8.30க்குப் பாருங்கள், வளிமண்டலவியல் திணைக்களம் பார்க்கும் நேரம் அது. கடும் மழையில் போத்தல் 150க்கு அருகிலேயே நிரம்பிவிடும், ஆகவே மணிக்கொரு தடவை பார்த்து, எழுதி, கோடு வரை விட்டு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். வெற்று இடம் என்றால் மழை இல்லையா, ஆள் இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.

கான்வெட்டி | ஓகஸ்ட் 12

சேருக்கு மரியாதையோடு ஒரு கேள்வி. போத்தல் 150 காட்டுகிறது. நடுச்சாமம். சரி, எங்கே போவது?

38 வருடம் தோட்டத்தில் பேர் போட்டவன் நான். மீரியபெத்தைக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றா நினைக்கிறீர்கள்? அந்த இடம் ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாற்று வீடு இல்லாமல் எச்சரிக்கையை மட்டும் கையில் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு எங்கே படுப்பது? கோயிலுக்குப் போ என்பார்கள். எங்கள் கோயில் லயத்தைவிடச் செங்குத்தான மண்மேட்டின் கீழே இருக்கிறது. பிள்ளைகளே, முதலில் ஓடிப்போய்த் தங்கும் இடம் எது, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், எழுதியதற்குப் பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கான், வடிகால். எங்கள் காலத்தில் மலைக்குக் குறுக்கே கான் வெட்டி, வருடம் தவறாமல் மண் வாருவோம். மழைத்தண்ணீர் கானில் நடந்து போய் ஓடையில் சேரும், நிலத்துக்குள் இறங்காது. இப்போது ஆளும் இல்லை, செலவழிக்க மனமும் இல்லை. கான் மண் மூடிப் புல் முளைத்துக் கிடக்கிறது. தண்ணீர் எங்கே போகும்? மலைக்குள்தான் போகும். வயிறு ஊதின மாடு மாதிரி ஒரு நாள் வெடிக்கும். மரம் நட வருகிற பஸ்காரரிடம் கன்று வேண்டாம், மண்வெட்டி கொண்டுவாருங்கள் என்று சொல்லுங்கள். ஆனால் தோட்ட நிர்வாகத்திடம் சொல்லாமல் வெட்டாதீர்கள், வம்பு. கானின் வாய் ஓடையில் முடிய வேண்டும், கீழ் லயத்தின் கூரையில் அல்ல. அதையும் கண்டிருக்கிறேன்.

வெள்ளவத்தைப் பஸ் | ஓகஸ்ட் 12

ஐயா, மண்வெட்டி கொண்டுவருகிறோம். நிஜமாகத்தான் சொல்கிறேன். ஒரு நாள் முன்னதாக வந்து உங்களிடம் பழக வேண்டும்.

கான்வெட்டி | ஓகஸ்ட் 12

வாருங்கள். கையில் கொப்புளம் வந்த பிறகு படம் எடுத்துக்கொள்ளலாம்.

விசில் | ஓகஸ்ட் 14

நான் புசல்லாவைப் பக்கம். முதலுதவிப் பயிற்சி எடுத்தவள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது எனக்கு 21 வயது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் எங்கள் மலைகளில். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். தொண்டர்களுக்குப் பயன்படும் சிலதை மட்டும் சொல்கிறேன்.

எங்களிடம் அன்று இல்லாதது ஒரு பட்டியல். எந்தக் காம்பராவில் நடக்க முடியாதவர், எந்தக் காம்பராவில் நிறைமாதக்காரி, யாருக்கு இன்சுலின், யார் காது கேளாதவர். இருட்டில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனோம். காது கேளாத பாட்டி ஒருவர் இருக்கிறார் என்பது கடைசிக் கதவில்தான் நினைவுக்கு வந்தது. அவர் பிழைத்தார், ஆனால் நாங்கள் மறந்தோம். பீலிக்கரை, நீங்கள் 14 பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பட்டியலை எடுத்துவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திருத்துங்கள். அதை வட்ஸ்அப்பில் போடாதீர்கள், காகிதத்தில் இரண்டு பிரதி போதும். அடுத்தவர் நோயை ஊருக்கெல்லாம் அனுப்பக் கூடாது.

மண் சரிந்த இடத்தில் பையன்கள் கூட்டமாக இறங்கித் தோண்டினார்கள். அவர்களைத் தடுக்க மனம் வராது, ஆனால் முதல் சரிவுக்குப் பிறகு இரண்டாவது வரும். எங்கள் பயிற்சியில் சொன்னது இது: ஒருவர் தோண்டாமல் மேலே பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், வாயில் விசில். அவர் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான். 117க்கு அழைத்து இடர் முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும், அழைப்புப் போனால்.

நிவாரணப் பொருட்களைப் பற்றி. லொறி லொறியாக உடுப்பு வந்தது. நுவரெலியாக் குளிருக்குக் கையில்லாத சட்டை. ஒரு மூட்டையில் மாப்பிள்ளைக் கோட்டு ஒன்றும் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டு தாத்தா ஒருவர் மூன்று நாள் கம்பீரமாக நடந்தார், நாங்கள் அந்த நேரத்திலும் சிரித்தோம். ஆனால் மாதவிலக்குத் துணி கேட்டு எழுதிய கடிதத்தில் அந்த வரியை நம் பையன் ஒருவன் வெட்கப்பட்டு வெட்டிவிட்டான். பொருள் வரவில்லை. பட்டியலை எப்போதும் ஒரு பெண் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

எல்லாவற்றையும்விட அதிக நாட்கள் எடுத்த வேலையைப் படமெடுக்க யாரும் வரவில்லை. படிவம் நிரப்புவது. அடையாள அட்டை போய்விட்டது, பிறப்புச் சான்றிதழ் போய்விட்டது, படிவம் சிங்களத்தில், அதிகாரி அவசரத்தில். லயத்துக்கு உறுதிப்பத்திரம் யாரிடமும் இல்லை, "வீட்டின் உரிமையாளர்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒவ்வொருவரும் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். சிங்களம் எழுதத் தெரிந்த உயர்தரப் பிள்ளைகள் மூன்று பேர் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) மேசை போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று வாரம்.

நல்லதண்ணி | ஓகஸ்ட் 17

எல்லோரும் மண்ணையும் மழையையும் பேசுகிறீர்கள். சுற்றாடல் என்றால் அதில் உயிர்களும் உண்டு. எங்கள் பக்கம் 2020 மே மாதம் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் கழுத்து மாட்டிக் கிடந்தது. மீட்டுச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாட்களில் இறந்துவிட்டது. சுருக்கு சிறுத்தைக்காக வைத்தது அல்ல, காட்டுப்பன்றிக்கு வைத்தது. பன்றி போகிற தடத்தில்தான் சிறுத்தையும் போகிறது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் தோட்டத்தின் காட்டு ஓரங்களில் மாதம் ஒரு தடவை நடக்கிறோம். வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டுத்தான். சைக்கிள் பிரேக் கம்பியில் செய்த சுருக்கை ஒருமுறை பார்த்தவர்களுக்குப் பிறகு கண் தானாகப் பழகிவிடும்: தடத்தின் இரண்டு பக்கமும் குச்சியை நட்டு வழியைக் குறுக்கியிருப்பார்கள், அந்த வாசலில் கம்பி இருக்கும். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். கூட்டத்தைக் கண்டு சிறுத்தை திமிறத் திமிறக் கம்பி இன்னும் இறுகும்.

சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி வெசாக்கில் முடியும். முடிந்ததும் படியோரத்துப் பிளாஸ்டிக்கை இறக்குவதும் எங்கள் வேலைதான். 2243 மீற்றர் உயரம் வரை கும்பிடப் போகிறவர்கள் வெற்றுப் போத்தலை மட்டும் சாமிக்கு விட்டுவிட்டு வருகிறார்கள்.

எட்டாம் நம்பர் லயம் | ஓகஸ்ட் 17

சிறுத்தைக்கு மருத்துவரும் வாகனமும் வருகிறது. என் சித்தியைப் பிரசவ வலியோடு கம்பளியில் கட்டி இரண்டு மைல் தூக்கிப் போனோம். மிருகத்துக்கு இருக்கிற மதிப்பு மனிதனுக்கு வரட்டும், பிறகு நான் சுருக்குத் தேட வருகிறேன். பன்றி என் மரவள்ளியை ஒரே இரவில் முடித்தது, அதற்கு நட்டஈடு கேட்டு எந்தத் தொண்டர் கடிதம் எழுதினார்?

நல்லதண்ணி | ஓகஸ்ட் 18

அண்ணன், கோபம் நியாயம். கடிதம் யாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஆனால் அந்தச் சுருக்கில் பன்றிக்கு முன்பு மாட்டியது எங்கள் லயத்து நாய், அதற்கு அடுத்து கொழுந்து எடுக்கப் போன ஒரு அக்காவின் கால். பாதை ஓரத்தில் இருக்கும் கம்பி யாருடைய கால் என்று பார்ப்பதில்லை. நீங்கள் மரவள்ளி இடத்தைக் காட்டுங்கள், தகர டின் கட்டி வேலி போட ஆட்களோடு வருகிறேன். கடிதமும் எழுதுவோம்.

மட்டுறுத்துநர் | ஓகஸ்ட் 18

கட்சிப் பெயர்களோடு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். சண்டை தொடரலாம், கட்சி வேண்டாம்.

பட்டிப்பொல | ஓகஸ்ட் 20

சின்னக் குறிப்பு. ஹோர்ட்டன் சமவெளியில் கோர்ஸ் என்று ஒரு முட்செடி, மஞ்சள் பூ, அழகாகத்தான் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. புல்வெளியை விழுங்குகிறது. அனுமதியோடு ஒருமுறை பிடுங்கப் போனோம், கையுறையைத் தாண்டிக் குத்தியது. அடுத்த வருடம் போனால் பிடுங்கிய இடத்திலேயே முழங்கால் உயரம். விதை மண்ணுக்குள் பல வருடங்கள் உயிரோடு கிடக்குமாம். அந்த ஒரு நாள் வேலைக்கு எனக்குச் சான்றிதழ் தந்தார்கள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது.

மாத்தளைச் சாரணன் | ஓகஸ்ட் 22

எல்லோருடைய யோசனையும் நன்று. யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். பீலிக்கரை தம்பி, உங்கள் 14 பேரில் அடுத்த வருடம் இதே நாளில் எத்தனை பேர் தோட்டத்தில் இருப்பீர்கள்?

இலங்கையின் முதல் சாரணர் குழு 1912இல் எங்கள் மாத்தளையில்தான் தொடங்கியது. நூறு வருடம் தாண்டியும் அது நிற்பதற்குக் காரணம் அந்த முதல் பையன்கள் அல்ல. ஒவ்வொரு வருடமும் பத்து வயதுப் பிள்ளைகள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நான் பார்த்த தோட்டத்து இளைஞர் மன்றங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் செத்தன. தலைவருக்குக் கொழும்பில் கடை வேலை, செயலாளருக்குக் கல்யாணம், பொருளாளருக்குக் குவைத். மிச்சம் ஒரு ரப்பர் முத்திரை.

பீலிக்கரை | ஓகஸ்ட் 22

அண்ணன், இன்றைக்கு இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கை தூக்கச் சொன்னேன். அடுத்த வருடம் இருப்போம் என்று தூக்கியவர்கள் ஆறு. நான் தூக்கவில்லை.

பீலிக்கரை | நவம்பர் 3

நீண்ட நாள் எழுதவில்லை, மன்னியுங்கள். கொழும்பில் இருக்கிறேன், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில்.

போத்தல் பிரட்டுக்களத்துக்குப் (காலையில் வேலை பிரிக்கும் இடம்) பக்கத்தில், கம்பத்தில் கட்டப்பட்டிருக்கிறது. பட்டியல் எடுத்தோம். நடக்க முடியாதவர்கள் ஒன்பது பேர் என்று நினைத்திருந்தோம், 17 வந்தது. கான்வெட்டி ஐயா பஸ் ஏறி வந்து இரண்டு நாள் நின்று கான் வேலையைக் காட்டினார். வெள்ளவத்தை அண்ணன் 11 பேரோடு மண்வெட்டி கொண்டு வந்தார், உண்மையாகவே. நிர்வாகம் ஒரு கானுக்கு மட்டும்தான் அனுமதி தந்தது. தங்கும் இடம் பற்றிய கடிதத்துக்குப் பதில் இன்னும் இல்லை, இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.

ஒக்டோபர் 19 இரவு பதினொரு மணிக்குப் போத்தலில் 82 இருந்தது. பிள்ளைகள் கதவைத் தட்டி எல்லோரையும் எழுப்பினார்கள். விடியும்வரை ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் மலைக்குப் போன பெண்களுக்குத் தூக்கம், பிள்ளைகளுக்கு நல்ல திட்டு. இரண்டாம் லயத்துப் பெரியப்பா இனி என் கதவைத் தட்டினால் தண்ணீர் ஊற்றுவேன் என்றிருக்கிறார். தங்கச்சி தொலைபேசியில் அழுதாள்.

ஊவா சேர் | நவம்பர் 3

82க்கு எழுப்பியது கொஞ்சம் முந்திவிட்டது. 75க்கு நீங்கள் மட்டும் விழித்திருந்தால் போதும், 100க்குத்தான் கதவைத் தட்ட வேண்டும். ஆனால் திட்டு வாங்கியதற்காக மழை எழுதும் கொப்பியை மூடிவிட வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் நீங்களே பேசுங்கள்.

பீலிக்கரை | நவம்பர் 6

பேசினேன் சேர். "அடுத்த தடவை 100 ஆனதும் தட்டு, அதற்கு முன் தட்டாதே" என்று சொல்லிவிட்டார்.

கொப்பி இப்போது தங்கச்சியிடமும் அவள் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடமும் இருக்கிறது, ஏழாம் ஆண்டு. தினமும் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறாள். இன்று காலையில் வந்ததை அப்படியே தருகிறேன், உங்களுக்குத்தான் கேள்வி:

"8.30. மழை 6. போத்தலுக்குள் ஒரு அட்டைப்பூச்சி விழுந்து கிடக்கிறது. அதைக் கழித்துவிட்டா எழுத வேண்டும்?"

ஊவா சேர் | நவம்பர் 6

கழிக்க வேண்டாம். குச்சியால் எடுத்துத் தூர விடச் சொல்லுங்கள்.